லுவெல்லா கை வச்ச கார்புரேட்டர்

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? உடம்பெல்லாம் சௌக்கியமா? முட்டிவலிக்காரங்க படி ஏறாதீங்க, சர்க்கரைக்காரங்க ஆப்பிள் பை மாதிரி இனிப்பு பக்கமே திரும்பாதீங்க. எனக்கு ஒரு குறையும் இல்ல. காது மட்டும் கொஞ்சம் மந்தம். பதினோரு வருஷமா வீட்டுக்குள்ளயே விமானம் கட்டினா காது மந்தமாகாம என்ன ஆகும்?

இன்னிக்கு ஒரு வெக்கங்கெட்ட விஷயம் சொல்லப் போறேன். அறுபத்தொம்பது வயசுல எனக்கு வந்த பொறாமையைப் பத்தி. சின்ன வயசுல வந்திருந்தா ரெண்டு நாள் அழுதுட்டு மறந்திருப்பேன். இந்த வயசுல வந்தா, பல்லுல மாட்டின நார் மாதிரி, நாக்கு அங்கயே போகுது.

என் புருஷன் வெண்டலும் நானும் சேந்து கட்டின விமானம் அது. ரெண்டு சீட்டு, பக்கத்துப் பக்கத்துல. ஒரு பழைய கார் இன்ஜினை வாங்கி, பிரிச்சு, விமானத்துக்கு ஏத்த மாதிரி மாத்தினான் வெண்டல். கட்டை, கம்பி, இன்ஜின் எல்லாம் அவன் வேலை. துணி என் வேலை. இறக்கை மேல துணியை இழுத்துக் கட்டி, இஸ்திரிப்பெட்டி வச்சு சுருக்கி, உள்ள இருக்கிற ஒவ்வொரு கட்டையோடயும் சேத்து ஊசிநூல் போட்டு முடிச்சுப் போடணும். ரெண்டாயிரத்து எண்ணூறு முடிச்சு போட்டேன். விரல் நுனி காய்ச்சுப் போய், சர்ச்சுல பிரார்த்தனைக்குக் கை கூப்பினா சொரசொரன்னு சத்தம் கேக்கும். அப்புறம் பெயின்ட். முட்டை மஞ்சக்கரு நிறம், நடுவுல ஒரு அரக்குக் கோடு. கதவுக்குக் கீழ நானே பிரஷ் பிடிச்சு எழுதினேன்: "கட்டியது: வெண்டல், மேவிஸ்."

அந்த வலது பக்கத்து சீட்டு இருக்கே, அது என்னுது. கேரேஜுல முதல் கட்டையை அறுத்த அன்னிக்கே வெண்டல் சொன்னான், "இடது பக்கம் நான், வலது பக்கம் நீ"ன்னு. அந்த சீட்டுக்குப் பஞ்சு வச்சுத் தோல் தைச்சது நான். ஆனா வீட்டுல கட்டின விமானத்துக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் நாப்பது மணி நேரம் ஓட்டறவர் தனியாத்தான் பறக்கணும். வேடிக்கைக்கு யாரையும் ஏத்தக் கூடாது. சரி, நாப்பது மணி நேரம்தானே, பதினோரு வருஷம் பொறுத்தவளுக்கு அது ஒரு பெரிய விஷயமா? அது முடிஞ்ச மறுநிமிஷம் முதல் ஆளா நான் ஏறுவேன்னு சர்ச்சுல காபி ஊத்தற பொம்பளைங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்.

ஏப்ரல்ல இன்ஜின் ஜம்முனு ஓடுச்சு. மே மாசம் நான் பெயின்ட் அடிச்சு முடிச்சேன். ஜூன்ல டிரக்குல ஏத்தி எங்க ஊர் புல்லு ஓடுபாதைக்குக் கொண்டு போய், அங்க எங்களுக்குன்னு இருந்த விமானக் கொட்டகையில நிறுத்தினோம். அங்கதான் சனியன் பிடிச்சுது.

விமானத்தோட வாலை ஒரு கம்பத்துல கட்டிட்டு, நின்ன இடத்துலயே இன்ஜினை முழு வேகத்துல ஓட்டிப் பாப்பாங்க. ஓடும், ஓடும், திடீர்னு ஒரு இருமல், ரெண்டு இருமல், பொத்துனு நின்னுடும். தரையில நின்னா பரவாயில்ல, வெண்டல் தலையைச் சொறிவான். மரத்து உச்சிக்கு மேல போய் நின்னா? அதனால காரணம் தெரியற வரைக்கும் பறக்கறதுன்னு பேச்சே கிடையாது.

எங்க ஓடுபாதையில ஒரு பழக்கம். எந்த இன்ஜினுக்கு என்ன வந்தாலும், பெட்ரோலையும் காத்தையும் கலந்து விடற கார்புரேட்டர்தான் முதல் குற்றவாளி. காபி கசந்தாக்கூட கார்புரேட்டர்னு சொல்லுவாங்க. ஹால்வர் கிழவர், எண்பத்தொண்ணு வயசு, எங்க விமான கிளப்புக்கே மூத்தவர், வந்து மூக்கை நுழைச்சார்.

"வெண்டலு, உள்ள பெட்ரோல் பீச்சற ஜெட் அடைச்சிருக்கும்டா. கழட்டி ஊது."

வெண்டல் கழட்டி ஊதினான். நின்னுச்சு.

"அப்போ உள்ள ஐஸ் பிடிக்குது. ஈரக்காத்துக்குக் கோடையிலயும் பிடிக்கும். சூடு காட்டு."

சூடு காட்டினான். நின்னுச்சு.

"அப்போ என்னைக் கேக்காத, லுவெல்லாகிட்ட போ."

இந்த லுவெல்லா யாருன்னு சொல்லணும். எங்க கொட்டகையிலேர்ந்து மூணாவது கொட்டகை. புருஷன் போய் ஆறு வருஷம் ஆச்சு. இருபது வயசுலேர்ந்து விமானம் ஓட்டறவ. தனி ஆளா ரெண்டு விமானம் கட்டினவ. கார்புரேட்டர்னா அவ கைதான்னு மூணு மாவட்டத்துலேர்ந்து ஆளுங்க தூக்கிட்டு வருவாங்க. ஒல்லி உடம்பு, வெள்ளைப் பின்னல், எப்பவும் நகத்துக்குள்ள கறுப்பு. அழகுன்னு சொல்ல முடியாது. அதுதாங்க எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்! அழகா இருந்தாலாவது ஆம்பளை புத்தி போகட்டும்னு விட்டிருப்பேன். இந்த மனுஷன் போய் உக்காந்தது அவ மூளைக்காக. அதுக்கு நான் எந்தக் கடையில போய் பவுடர் வாங்கறது?

தினமும் காலையில கார்புரேட்டரைத் துணியில சுத்தி, குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கிட்டுப் போவான். மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவான், மேல பெட்ரோல் வாசனையும் ருபார்ப் கேக் வாசனையும் சேந்து வரும். அந்தப் புளிப்புத் தண்டு ருபார்ப் என் தோட்டத்துலயும்தான் மண்டிக் கிடக்கு.

"லுவெல்லா சொல்றா, மிதவை சரியா மிதக்கலையாம்."

"ஓ."

"லுவெல்லா சொல்றா, பெட்ரோலை அடைக்கிற ஊசி ஒண்ணு இருக்கில்ல, அது தேஞ்சிருக்குமாம்."

"உருளைக்கிழங்கு இன்னும் போடவா?"

"லுவெல்லா உருளைக்கிழங்குல சோம்பு மாதிரி ஒண்ணு போடறா மேவ், நல்லா இருந்துச்சு."

கரண்டியை வச்சேன். அன்னிக்கு ஒரே சாப்பாட்டுல பதினோரு தடவை அவ பேரு. எண்ணினேன். எண்ணாம இருக்க முடியல.

இதெல்லாம்கூட பொறுத்துக்கிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, வாராவாரம் போற மீன் வறுவலுக்கு எல்லாரும் டவுன் ஹோட்டல்ல போய் உக்காந்திருந்தோம். ஹால்வர், லுவெல்லா, நாங்க ரெண்டு பேரு. வெண்டல் ஒரு பிராந்தி குடிச்சுட்டு, எலுமிச்சையை மீன் மேல பிழிஞ்சுக்கிட்டே சாதாரணமா சொல்றான்:

"நான் யோசிச்சேன். சோதனை நேரத்துல பக்கத்துல இன்னொரு பைலட் உக்காந்து இன்ஜினைக் கவனிக்கலாம்னு விதியில இடம் இருக்காம். கார்புரேட்டர் சரியானதும் லுவெல்லாவை ஏத்திக்கலாம்னு பாக்கறேன். நான் ஓட்டுவேன், அவ மீட்டர் முள்ளைப் பாத்துக்குவா."

என் முள்கரண்டியில மீன் அப்படியே நின்னுச்சு.

ஹால்வர் சும்மா இருப்பாரா? "மேவிஸு, கதவுல பேர் எழுதினியே, அதுக்குக் கீழ இன்னும் ஒரு பேருக்கு இடம் இருக்கா?"ன்னார். சுத்தி உக்காந்திருந்த மேசைக்காரங்க எல்லாம் சிரிச்சாங்க.

லுவெல்லா, "நான் வரேன்னு இன்னும் சொல்லலையே"ன்னு சொல்லிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க. வரேன்னு சொல்றதுக்கு முன்னாடி சிரிக்கிற சிரிப்பு.

கார்ல ஏறின உடனே ஆரம்பிச்சேன்.

"அது என் சீட்டு."

"அவ பாசெஞ்சர் இல்ல மேவ். சட்டப்படி அவ பைலட்."

"சீட்டுல எதை வச்சு உக்காருவா? சட்டத்தையா?"

"நீ வேற. எனக்கு எழுபத்தொண்ணு ஆகுது. இன்ஜின் மேல கொஞ்சம் பயமா இருக்கு. கூட விவரம் தெரிஞ்ச ஆள் இருந்தா ஒரு தைரியம்."

"நாப்பத்தாறு வருஷமா உனக்குத் தைரியம் குடுத்தது யாரு? மூணாவது கொட்டகையா?"

வீடு வரைக்கும் வைப்பர் சத்தம்தான். மழைகூட பெய்யல, அந்த மனுஷன் என் வாயை அடைக்கறதுக்குப் போட்டுவிட்டான்.

அப்போ முடிவு பண்ணேன். இந்த இன்ஜினுக்கு என்ன கேடுன்னு லுவெல்லாவுக்கு முன்னாடி நான் கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடிச்சுட்டா அவ தேவையில்ல, அவ தேவையில்லன்னா சீட்டு என்னுது. எனக்கு இன்ஜின் பத்தி என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. ஆனா வெண்டல் எழுதற நோட்டு இருக்கே. ஒவ்வொரு தடவை இன்ஜினை ஓட்டினப்பவும் என்ன தேதி, எத்தனை நிமிஷம், டேங்குல எவ்வளவு பெட்ரோல் எல்லாம் எழுதி வைப்பான். நாப்பத்தாறு வருஷமா மளிகைச் சீட்டுல அவன் கையெழுத்தைப் படிச்சவ நான். லுவெல்லாவால அது முடியுமா?

திங்கக்கிழமை காலையில சர்ச்சுக்கு கஸ்டர்ட் பை பண்ண வேண்டியிருந்தது. மாவைப் பிசைஞ்சு வச்சுட்டு, சமையல் மேசையில நோட்டை விரிச்சேன். ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் நோட்டு.

டேங்கு நிறைய: ரெண்டு நிமிஷத்துல நின்னுச்சு. பாதி டேங்கு: அஞ்சு நிமிஷம். அடியில கொஞ்சம்: ஒம்பது நிமிஷம். ஜூன்லேர்ந்து இப்படியே பத்தொம்பது தடவை. எனக்கு வேடிக்கையா இருந்துச்சு. பெட்ரோல் அதிகமா இருந்தா அதிக நேரம்தானே ஓடணும்? இது தலைகீழா இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரே வரி வேற: "டேங்கு மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். பெட்ரோல் இருக்கிறது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். உடனே பிடித்துக்கொண்டது."

பத்தொம்பது தடவையும் மூடியைத் திறந்திருக்கான். பத்தொம்பது தடவையும் உடனே பிடிச்சிருக்கு.

கையில சுண்டின பால் டின். அந்த டின்னுல எப்பவும் ரெண்டு ஓட்டை போடணும், எதிரும் புதிருமா. நான் நோட்டைப் பாத்துக்கிட்டே ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் கவுத்திருக்கேன். ரெண்டு சொட்டு விழுந்துச்சு, நின்னுடுச்சு. உலுக்கினேன். ஒரு சொட்டு. காத்து உள்ள போனாத்தானே பால் வெளிய வரும்!

டின்னை மேசையில வச்சேன். அந்த விமான டேங்கு மூடியிலயும் ஒரு ஓட்டை இருந்துச்சு. குண்டூசித் தலையளவு. மே மாசம் நான் பெயின்ட் அடிச்சு முடிச்சதும், விமானத்தைத் தள்ளினப்போ அந்த ஓட்டை வழியா பெட்ரோல் சிந்தி என் மஞ்சள் மேல பழுப்புக் கறையா ஓடுச்சு. பதினோரு வருஷம் காத்திருந்து அடிச்ச மஞ்சள்! பெட்ரோலுக்குக் கரையாத கறுப்பு ரப்பர் ஷீட்டு கொஞ்சம் கிடந்துச்சு. மூடிக்கு உள்பக்கம் அளவெடுத்து, வட்டமா வெட்டி, அழகா அழுத்தி வச்சேன். நடுவுல ஓட்டை விடாத முழு வட்டம். வெண்டல்கூட பாத்துட்டு, "பரவாயில்லயே, இனிமே ஒழுகாது"ன்னான்.

ஒழுகல. காத்தும் போகல. டேங்கு நிறைய இருந்தா உள்ள காத்து கம்மி, சீக்கிரம் நின்னுடும்; மூடியைத் திறந்தா காத்து போயிடும், உடனே பிடிச்சுக்கும்.

நிறைஞ்ச டேங்கோட அவன் கிளம்பியிருந்தா? ரெண்டு நிமிஷம். ஓடுபாதை முடிஞ்சு, சோளக்காடு முடிஞ்சு, ஓக் மரங்க ஆரம்பிக்கிற இடம். நான் நாற்காலியில உக்காந்துட்டேன். பால் டின் கவுந்து மாவு மேல கொட்டினதுகூடத் தெரியல.

இந்த இடத்துல நல்ல பொம்பளையா இருந்தா என்ன பண்ணியிருக்கணும்? கொட்டகைக்கு ஓடிப்போய், "வெண்டல், தப்பு பண்ணிட்டேன்"னு சொல்லியிருக்கணும். நான் என்ன யோசிச்சேன் தெரியுமா? லுவெல்லா முகத்தை யோசிச்சேன். "அட, பொண்டாட்டியே மூடிட்டாளா?"ன்னு அவ புருவத்தைத் தூக்கறதை யோசிச்சேன். ஹால்வர் வாயில பத்து வருஷத்துக்கு நான் மாட்டுவேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மீனோட சேத்து என்னையும் வறுப்பாங்க.

அதனால யாருக்கும் சொல்லல. செவ்வாய்க்கிழமை வெண்டல் லுவெல்லா கொட்டகையில இருந்தப்போ, நான் எங்க கொட்டகைக்குப் போய் அந்த முழு வட்டத்தை உரிச்செடுத்துட்டு, நடுவுல ஓட்டை விட்ட வளையம் ஒண்ணை வச்சேன். மூடி ஓட்டையில ஊசி விட்டுப் பாத்தேன், வாய் வச்சு ஊதினேன், காத்து போச்சு. பழைய வட்டத்தைக் கைப்பைக்குள்ள போட்டுக்கிட்டேன். ஏன் குப்பையில போடலன்னு கேட்டா எனக்கே தெரியல. என் நெனப்பெல்லாம் என்னன்னா, அடுத்த தடவை இன்ஜின் தானா ஓடிடும், எல்லாரும் "அட, சரியாப் போச்சே"ம்பாங்க, லுவெல்லா வேலையில்லாம நிப்பா.

என் கணக்கு எங்க தப்பாச்சுன்னா, அந்த வாரமே லுவெல்லா கார்புரேட்டருக்குப் புது ஊசி போட்டு முடிச்சுட்டா.

சனிக்கிழமை காலையில எங்க ஓடுபாதையில பான்கேக் விருந்து. முப்பது நாப்பது பேரு வந்திருந்தாங்க, பக்கத்து ஊர்லேர்ந்து பறந்து வந்தவங்க வேற. வெண்டல் எல்லார் முன்னாடியும் கார்புரேட்டரை மாட்டினான். டேங்கை நிறைச்சான். வாலைக் கட்டினான். ஓடவிட்டான்.

ரெண்டு நிமிஷம். எல்லாரும் மூச்சைப் பிடிச்சாங்க. அஞ்சு. பத்து. ஹால்வர் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டிக்கிட்டே இருக்கார். அரை மணி நேரம் ஓடுச்சு, ஒரு இருமல் கிடையாது. வெண்டல் நிறுத்திட்டு இறங்கினான். நேரா போனான், லுவெல்லாவை இடுப்போட பிடிச்சுத் தரையிலேர்ந்து தூக்கிட்டான்! முதுகுவலின்னு என் சூட்கேசைத் தூக்க மாட்டேன்னவன்!

"லுவெல்லா கை பட்டா கொதிகெண்டிகூட பறக்கும்டா"ன்னு ஹால்வர் கத்தினார். எல்லாரும் கை தட்டினாங்க. யாரோ அவ தட்டுல ரெண்டு சாஸேஜ் அதிகமா வச்சாங்க.

"திங்கக்கிழமை சோதனைப் பறப்புப் பேப்பர்ல உன் பேரை எழுதிடறேன்"னான் வெண்டல். "இந்த இன்ஜினை உன்னை விட யாருக்குத் தெரியும்? முதல்ல நீதான் வரணும்."

"சரி, இவ்வளவு தூரம் கூப்பிட்டா வராம இருக்க முடியுமா"ன்னா அவ.

பான்கேக் திருப்பற கரண்டி என் கையில. எனக்குள்ள என்னமோ அறுந்துச்சு.

"அவ ஒண்ணும் பண்ணல!"ன்னு கத்தினேன். "எல்லாம் நான் பண்ணது! இன்ஜினை நிறுத்தினதும் நான்தான், ஓட வச்சதும் நான்தான்! உன்னைக் கொல்லப் பாத்தது நானு, அவளை எதுக்குத் தூக்கறே?"

நாப்பது பேரும் மெல்றதை நிறுத்திட்டாங்க. நான் கைப்பையைத் திறந்து அந்தக் கறுப்பு வட்டத்தை எடுத்து, மேசையில மேப்பிள் பாகு பக்கத்துல வச்சேன். மூடி, ஓட்டை, மஞ்சள், பால் டின், எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டினேன்.

வெண்டல் முகம் மாவு மாதிரி வெளுத்துடுச்சு. லுவெல்லாதான் வட்டத்தை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா.

"இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்"னா. "ஆனா ஊசி தேஞ்சிருந்தது மேவிஸ். நான் லென்ஸ் வச்சுப் பாத்தேன்."

"தேஞ்சிருக்கட்டும். நிறுத்தினது என் ரப்பர்."

"ரப்பர் ஓரத்துல கொஞ்சமாவது காத்து போயிருக்கும்."

"போகாது! நான் வெட்டினது. ஒரு மயிரிழை இடைவெளி கிடையாது."

"நீ துணி வேலை பாக்கறவ. உனக்கு எப்படி..."

"ரெண்டாயிரத்து எண்ணூறு முடிச்சு போட்ட கைம்மா இது! நான் அடைச்சா அடைச்சதுதான்!"

ஹால்வர் தொப்பியைக் கழட்டினார். "நான் இந்த ஓடுபாதையில ஐம்பது வருஷமா இருக்கேன். தப்பு என்னுது இல்லன்னு சண்டை போட்டவங்களைத்தான் பாத்திருக்கேன். தப்பு என்னுதுதான்னு சண்டை போடற பொம்பளையை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"நீங்க சும்மா இருங்க ஹால்வர்"னு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னோம். நாங்க ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்துலதான்.

அப்போதான் வெண்டல் வாயைத் திறந்தான். குரல் ரொம்ப சின்னதா இருந்துச்சு. "பேசி என்ன ஆகப் போகுது. ரெண்டு பேரும் ஒரே வாரத்துல ஆளுக்கு ஒண்ணு மாத்திட்டீங்க. எது நோயி, எது மருந்துன்னு யாருக்குத் தெரியும்? ஒவ்வொண்ணா மாத்திப் பாப்போம்."

முதல்ல லுவெல்லாவோட புது ஊசி அப்படியே இருக்க, மூடியில என் பழைய வட்டத்தை வச்சாங்க. டேங்கு நிறைய. நான் கையைக் கோத்துக்கிட்டு நின்னேன். நின்னுடு, நின்னுடுன்னு மனசுக்குள்ள ஒரே ஜபம். எந்தப் பொண்டாட்டியாவது தன் புருஷன் இன்ஜின் சாகணும்னு வேண்டியிருப்பாளா? ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு. ஒரு இருமல். ரெண்டு இருமல். பொத்.

நான் கை தட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன்.

அப்புறம் தலைகீழா. லுவெல்லா தன் கையாலயே புது ஊசியைக் கழட்டிப் பழைய ஊசியைப் போட்டா. மூடியில என் ஓட்டை வளையம். ஓடுச்சு. இருபது நிமிஷம், முப்பது நிமிஷம். முப்பத்தஞ்சாவது நிமிஷம் லுவெல்லாவே கையை உயர்த்தி, "போதும், நிறுத்து"ன்னா. இன்ஜின் நின்னதும் குனிஞ்சு கார்புரேட்டர் அடியில விரலை வச்சா. விரல் நனைஞ்சிருந்தது.

"சொட்டுது பாரு. நான் சொன்ன ஊசிதான்."

"சொட்டறது வேற, சாகறது வேற"ன்னேன் நான்.

"சொட்டினா தீப்பிடிக்கும் மேவிஸ்."

அவ புது ஊசியைத் திரும்ப மாட்டிட்டு, தன் காபி கோப்பையை எடுத்துக்கிட்டு மூணாவது கொட்டகைக்குப் போயிட்டா. நான் ஜெயிச்சுட்டேன். கூட்டத்துல யாரும் என் தட்டுல சாஸேஜ் வைக்கல, அது வேற விஷயம்.

வெண்டல் மூணு நாள் என்கூடப் பேசல. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். உப்பு வேணும்னாகூட கையை நீட்டி எடுத்துக்கிட்டான். நாலாவது நாள் காலையில காபியை வச்சுட்டுக் கேட்டான்.

"திங்கக்கிழமையே தெரிஞ்சுடுச்சு. ஏன் சொல்லல?"

"சொன்னா அவ சிரிப்பா."

"செவ்வாய்க்கிழமைக்குள்ள நான் ஏறியிருந்தா?"

"கார்புரேட்டரே அவகிட்டதானே இருந்துச்சு. எப்படி ஏறுவே?"

"மேவ்." அவன் என்னை நேரா பாத்தான். "ரப்பர் வச்சது தப்பு இல்ல. நானும்தான் தினம் அந்த மூடியைத் திறந்தேன், எனக்கும் தோணல. சொல்லாம மாத்தினியே, அதுதான். விமானத்துல யாரு எதைத் தொட்டாலும் நோட்டுல எழுதணும். எனக்குத் தெரியாத ஒரு பொருள் அதுல இருக்குன்னா நான் எதை நம்பி மேல போறது?"

நோட்டை என் பக்கம் தள்ளினான். பேனாவைக் குடுத்தான். அவன் கையெழுத்துக்குக் கீழ நான் எழுதினேன்: "மே மாதம் மூடியின் ஓட்டையை அடைத்தேன். ஜூலையில் யாரிடமும் சொல்லாமல் திறந்தேன். மேவிஸ்." அதைப் படிச்சுட்டு மூடி வச்சான்.

நான் விடுவேனா? "லுவெல்லா பேரை எழுதப் போறியா?"

பெருமூச்சு விட்டான். "காரணம் தெரிஞ்சு போச்சு. இனி இன்னொரு ஆள் எதுக்கு?"

அந்த மூணு நாள் மௌனத்துக்கு இது போதும்னு தோணுச்சு.

ஆகஸ்ட், செப்டம்பர் முழுக்க அவன் தனியாப் பறந்தான். நான் புல்லுல மடக்கு நாற்காலி போட்டு உக்காந்து வானத்தைப் பாத்துக்கிட்டிருப்பேன். லுவெல்லாவும் அவ கொட்டகை வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பா. சில நாள் எழுந்து என் பக்கம் வருவா.

"கொஞ்சம் பெட்ரோல் அதிகமா குடிக்குது. சத்தம் கனமா இருக்கு பாரு"ம்பா.

"கேட்டேன், கேட்டேன்"னு சொல்லுவேன். எனக்கு ஒரு மண்ணும் கேக்காது. ஆனா வெண்டல் இறங்கினதும், அவ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி ஓடிப்போய், "பெட்ரோல் அதிகமா குடிக்குது, சத்தம் கனமா இருக்கு"ன்னு நான் சொல்லிடுவேன். அவன் ஆச்சரியமா பாப்பான். லுவெல்லா தூரத்துல நின்னு பின்னலை முறுக்குவா.

அக்டோபர் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை நாப்பது மணி நேரம் முடிஞ்சுது. சர்ச்சு விட்டு வந்து உடுப்புகூட மாத்தல. வெண்டல் கதவைத் திறந்து பிடிச்சான். நான் தைச்ச தோல் மேல நான் உக்காந்தேன். பெல்ட்டு போட்டான், காதுக்கு ஹெட்செட் மாட்டிவிட்டான். புல்லு தடதடன்னு ஓடுச்சு, சட்டுனு தடதட நின்னுச்சு. மேப்பிள் மரமெல்லாம் செவப்பு, சோளக்காடு வைக்கோல் நிறம், ஏரி மேல எங்க நிழல். பதினோரு வருஷம்! வெண்டல் என் பக்கம் திரும்பினான், முகமெல்லாம் சிரிப்பு. ஏதோ சொல்லப் போறான், வாழ்நாள் முழுக்க மறக்க முடியாத மாதிரி ஏதோன்னு நான் அவன் முகத்தையே பாத்தேன்.

"கேக்குதா மேவ்? எவ்வளவு வழவழன்னு ஓடுது! லுவெல்லா போட்ட ஊசி!"

"ரோட்டைப் பாத்து ஓட்டு"ன்னேன். ரெண்டாயிரம் அடி உயரத்துல.

ஓடுபாதைக்கு மேல ஒரு வட்டம் அடிச்சான். கீழ மூணாவது கொட்டகை வாசல்ல அவ நின்னு கையை ஆட்டினா. நானும் ஆட்டினேன். கையை நல்லா கண்ணாடியோரம் ஒட்டி வச்சு, யாரு எந்த சீட்டுல உக்காந்திருக்கான்னு அவளுக்குத் தெளிவாத் தெரியற வரைக்கும் ஆட்டினேன். "இன்னொரு வட்டம் அடி"ன்னு வெண்டல்கிட்ட சொன்னேன்.

சரி, என் மானம் போனது போகட்டும். உங்க வீட்டுலயும் ஒரு லுவெல்லா இருப்பா, இல்லன்னா நீங்களே யாருக்காவது லுவெல்லாவா இருப்பீங்க. தப்பு என்னுதுதான்னு நிரூபிக்கச் சண்டை போட்டவங்க யாராவது உண்டா? மறைக்காம எழுதுங்க, ஒண்ணு விடாம படிப்பேன். அப்படியே, அடைச்ச மூடி வேற எதையெல்லாம் நிறுத்தியிருக்குன்னும் எழுதுங்க. வெண்டல் கேக்கறான். அவன் போய் லுவெல்லாகிட்ட கேக்கறதுக்கு முன்னாடி நான் அவனுக்குச் சொல்லணும்.